தாயத்திலிருந்து வங்கி வரை

உலர்ந்து உதிர்ந்த தொப்புள்கொடித் துண்டை வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரைஞாணில் கோர்ப்பது நம் பாட்டிமார் வழக்கம். பின்னாளில் நோய் வந்தால் அதுவே மருந்து என்பார்கள். பொன்னேரியில் இன்று பேறுகாலத்தை எதிர்நோக்கும் தம்பதியருக்குக் குருத்தணு வங்கிகள் தரும் நம்பிக்கையும் ஏறக்குறைய இதுவே.

தாயத்தில் எஞ்சுவது உலர்ந்த தசை. வங்கி காப்பதோ கொடியில் எஞ்சும் குருதியை. அதன் குருத்தணுக்கள் திரவ நைட்ரஜனில் உறைநிலையில் உயிர்ப்போடு இருக்கும். இக்குருதியின் ஆற்றல் 1988இல் பாரிஸில் மெய்ப்பட்டது. ஃபான்கோனி இரத்தசோகையுற்ற அமெரிக்கச் சிறுவனுக்கு மருத்துவர் எலியான் குளுக்மன் கொடிக்குருதியைச் செலுத்தினார், அவன் பிழைத்தான். ஆனால் அது அவனுடையதன்று, பின்னர்ப் பிறந்த தங்கையுடையது.

வரலாற்றின் இந்த முதற்பாடத்தையே நாம் மறந்தோம். 2004இல் சென்னையில் லைஃப்செல் தொடங்கியபின், 'நம் குழந்தைக்கே' என்று சேமிப்பது பரவியது. தலசீமியா போன்ற பரம்பரை நோயாயின், அதே குறை சேமித்த குருதியிலும் இருக்கும். எதிர்காலச் சுயபயனுக்குச் சேமிக்க அறிவியல் அடிப்படையில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் கூறின. நோயுற்ற உடன்பிறப்பு இருந்தால் கதை வேறு. அங்கே சேமிப்புக்குப் பொருளுண்டு.

மற்றோர்க்கு எளிய வழியொன்றுண்டு. கொடியை வெட்டக் குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அக்குருதி அப்போதே குழந்தையைச் சேர்ந்து இரும்புச்சத்தாகும். அரசு மருத்துவமனையிலும் அதற்குக் கட்டணமில்லை.