சோழமண்டலம் ஓவியர் கிராமம்

சோழமண்டலம் ஓவியர் கிராமம் சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் வங்கக் கடலுக்கும் இடையே அமைந்துள்ள கலைஞர் குடியிருப்பாகும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில், சென்னை ஓவியக் கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களுமாக நாற்பது பேர் அளவில் சேர்ந்து 1966ஆம் ஆண்டு இதை ஏற்படுத்தினர். இந்த நிலத்தை அரசு ஒதுக்கவில்லை. செல்வந்தர் எவரும் தானமாகத் தரவுமில்லை. கலைஞர்கள் கைத்தொழில் செய்து ஈட்டிய பணத்தில் தாங்களே வாங்கிய நிலம் இது. தமிழகத்தின் நவீன ஓவிய வரலாற்றில் இந்த ஊரின் இடத்தை அறிய முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

சாலையும் ஊர்களும்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து தெற்கே வரும் கிழக்குக் கடற்கரைச் சாலை அனுமந்தை வழியாகப் புதுச்சேரியை அடைகிறது. அனுமந்தை போன்ற கடற்கரைச் சிற்றூர்களில் ஓவியக் கண்காட்சிக்கூடம் என்று எதுவும் கிடையாது. உப்பு, மீன், பயிர் ஆகியவற்றை நம்பி வாழும் பகுதி இது. ஓவியம் என்றால் கோயில் சுவரும், நாட்காட்டியும், பள்ளி வகுப்பறையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் இதே சாலையின் இரு முனைகளிலும் நவீனக் கலைக்கான இடங்கள் இருக்கின்றன. தெற்கே ஆரோவில்லும் புதுச்சேரியும். வடக்கே மாமல்லபுரம், முட்டுக்காடு, இஞ்சம்பாக்கம். நடுவில் இருக்கும் ஊர்க்காரர் இவற்றின் வாசல்களைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்தபடி கடந்து போகிறார். சாலை அகலப்படுத்தப்பட்டது 1990களின் கடைசியில்தான். சோழமண்டலம் அதற்கு முப்பது ஆண்டு மூத்தது.

பின்னணி

கதை தொடங்குவது சென்னை ஓவியப் பள்ளியில். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் அதைத் தொடங்கினார். பின்னர் அரசு அதை ஏற்று நடத்தியது. மரவேலை, உலோக வேலை, மட்பாண்டம், நகை போன்ற தொழில்களைக் கற்பிப்பதே அதன் தொடக்ககால நோக்கம். படம் வரைவதும் அந்தத் தொழில்களுக்குத் துணையாகவே கற்பிக்கப்பட்டது. வங்காளத்திலிருந்து வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1957 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தலைமை ஏற்றிருந்த காலத்தில்தான் ஓவியமும் சிற்பமும் அங்கே முதன்மை பெற்றன. சென்னை மெரினாவில் 1959இல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் செய்தது. கண்காட்சிக்கூடத்தின் படி ஏறாத பல லட்சம் பேர் அறிந்த நவீனச் சிற்பம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் செய்தவர் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் சிலரே.

ராய் சௌத்ரியின் மாணவர் பணிக்கர். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்து, தந்தித் துறையில் வேலை பார்த்து, பிறகே ஓவியப் பள்ளியில் சேர்ந்தவர். 1944இல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கம் உருவானபோது அதன் மையமாக இருந்தார். 1957இல் ஆசிரியருக்குப் பின் கல்லூரிப் பொறுப்புக்கு வந்தார். சோதிடக் கட்டங்களையும், எழுத்துப் போலத் தோன்றினாலும் வாசிக்க இயலாத குறிகளையும் கொண்ட ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையை 1963 முதல் வரைந்தார். மேனாட்டுப் பாணிகளைப் பின்பற்றாமல் நவீனமாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை அது.

அவருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. அதைக் கலை விமரிசகர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். ஐந்தாறு ஆண்டுகள் படித்துத் தேறிய மாணவர் அடுத்து என்ன செய்வார்? அன்றைய சென்னையில் ஓவியம் வாங்குவோர் மிகச் சிலர். பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை, விளம்பர நிறுவனம், நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு வடிவமைக்கும் வேலை ஆகியவற்றுக்கு அப்பால் வழி அதிகம் இல்லை. திறமையான பலர் வேலையில் சேர்ந்தபின் வரைவதையே விட்டுவிட்டனர். பணிக்கர் கண்ட கிராமம் இந்தச் சிக்கலுக்கான விடையே.

பாத்திக் பணத்தில் நிலம்

1960களின் முதற்பகுதியில் கலைஞர் கைவினைச் சங்கம் தொடங்கப்பட்டது. மாணவர்கள் மாலை நேரங்களில் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்தனர். பாத்திக் என்பது துணியின் மேல் உருக்கிய மெழுகால் வரைந்து, சாயத்தில் நனைத்து, பிறகு மெழுகை நீக்கும் முறை. மெழுகு படிந்த இடத்தில் சாயம் பற்றாது. மெழுகு வெடித்த இடங்களில் மட்டும் நரம்பு போன்ற கோடுகள் விழும். ஓவியம் வாங்கத் தயங்கிய நகரத்தார் இந்தத் துணிகளை விரும்பி வாங்கினர்.

அந்தப் பணத்தைக் கொண்டு இஞ்சம்பாக்கத்தில் எட்டு, பத்து ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அப்போது அது மணலும் சவுக்குத் தோப்புமாக நகரத்துக்கு வெளியே கிடந்த இடம். வீட்டுமனைகள் கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன; கண்காட்சிக்கூடம், பட்டறை முதலியவை பொதுவில் நின்றன. விற்பனையில் ஒரு பங்கு பொதுச்செலவுக்குச் சங்கத்துக்குச் சேரும் என்பது ஏற்பாடு. கடற்கரையின் பழம்பெயரான சோழமண்டலமே ஊருக்குப் பெயராயிற்று. ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் என்று திரிந்ததும் இந்தச் சொல்தான் என்பர்.

ஓவியர் கைவினை செய்வது தாழ்வு என்ற எண்ணம் அன்று கல்லூரிகளில் இருந்தது. தொழிற்பள்ளியாகத் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் மாணவர்கள், நுண்கலை கற்றபின் மீண்டும் கைத்தொழிலால் தங்கள் கலையைக் காப்பாற்றிக்கொண்டது இந்த வரலாற்றின் சுவையான திருப்பம். அதில் இழப்பும் உண்டு; துணிக்குச் செலவான மாலைகள் ஓவியத்துக்குக் கிடைக்காதவை. ஆனால் காலையில் எவருக்கும் பணிந்து வரைய வேண்டியதில்லை என்ற விடுதலையைத் தந்தவையும் அந்த மாலைகளே. சிலரிடம் கைத்தொழில் கலையாகவே மாறியது. எஸ்.ஜி. வாசுதேவின் செப்புப் புடைப்புச் சிற்பங்களும், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் செய்த சிற்பங்களும் உலோகப் பட்டறை இல்லாமல் பிறந்திருக்க முடியாது.

குடியேறியவர்கள்

ஜே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, பி. கோபிநாத், கே.வி. ஹரிதாசன், பி.எஸ். நந்தன், அர்னவாஸ் எனப் பலர் இந்தக் கிராமத்தோடு தொடர்புடையவர்கள். விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் ஆகியோர் பின்னர் பாரிசுக்குச் சென்று அங்கேயே பெயர் பெற்றனர்.

கே. ராமானுஜத்தைத் தனியே சொல்ல வேண்டும். பேச்சுத் தடையும் மனத் துயரும் கொண்ட அவருக்குச் சோழமண்டலம் வீடாக இருந்தது. மாளிகைகளும், பாம்புகளும், பறக்கும் உருவங்களும் நெருக்கியடிக்கும் கனவு நகரங்களை நுண்கோடுகளால் வரைந்தார். அந்நகரங்களில் தொப்பி அணிந்த மனிதராக அவரே உலவுவார். 1973இல் முப்பத்து சொச்ச வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கலைஞர்கள் ஒன்றாக வாழ்ந்தால் எல்லாம் நலமாகும் என்ற நம்பிக்கையின் எல்லையை அந்த மரணம் காட்டியது. அவருடைய ஓவியங்கள் இன்று பெரிய விலைக்குப் போகின்றன.

1967இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பணிக்கர், 1977 சனவரியில் மறைந்தார்.

திறப்பு விழாவும் தமிழ்ப் பார்வையாளரும்

ஓவியத்தைப் பொறுத்தவரை கண்காட்சித் திறப்பு விழா என்பது வணிகமும் சடங்கும் கலந்தது. மாமல்லபுரத்தில் 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பள்ளியில் பயின்ற சிற்பிக்கு அது தேவையில்லை. கோயிலார் அளவும் தியான சுலோகமும் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நவீன ஓவியர் முதலில் வரைந்துவிட்டுப் பிறகுதான் பார்ப்பவரைத் தேட வேண்டும். அதனால்தான் குத்துவிளக்கும், அழைப்பிதழும், தேநீரும்.

சென்னையில் இதற்கான இடங்கள் மெல்லத்தான் பெருகின. சரளா கலைக்கூடம் போன்ற தனியார் கூடங்கள் 1960களில் தொடங்கின. மாக்ஸ் முல்லர் பவன், அலியான்சு பிரான்சேசு முதலிய வெளிநாட்டுப் பண்பாட்டு மையங்களும் இளம் ஓவியர்களுக்கு இடம் தந்தன. 1978இல் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் வந்தபின், பணமில்லாத ஓவியர்களுக்கும் பட்டறையும் கூடமும் கிடைத்தன. 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்னிந்திய வீடுகளையும் கைவினைகளையும் காட்டுவதோடு நவீன ஓவியக் கண்காட்சிகளையும் நடத்துகிறது.

இவற்றின் பொதுக்குறை மொழி. அழைப்பிதழும், படக்குறிப்பும், திறப்புரையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. பணிக்கர் குழுவினர் 1961 முதல் நடத்திய ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ இதழும் ஆங்கிலமே. இந்திய அளவில் பேசவேண்டிய தேவை இருந்தது உண்மை. குடியேறியவர்களில் பலர் தமிழரல்லர் என்பதும் உண்மை. ஆனாலும் தமிழ்நாட்டு மண்ணில் நின்ற ஒரு கலை இயக்கம் தமிழ் வாசகருக்குத் தன்னை விளக்கிக்கொள்ளாமலே நெடுநாள் இருந்தது. அதை ஈடுசெய்தவர்கள் இதழ்களில் வரைந்த ஓவியர்களே. சென்னைக் கல்லூரியில் படித்த கே.எம். ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் காந்தியின் கோட்டோவியங்களை வரைந்தார். சிற்றிதழ்களின் அட்டைகளிலும் நூல்களின் தலைப்பெழுத்துகளிலும் அவர் கை தெரிந்தது. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது அவருடைய கோடுகளும் உடன் சென்றன. மரக்காணத்திலோ திண்டிவனத்திலோ இருந்த வாசகர் நவீன ஓவியத்தை முதலில் பார்த்தது கூடத்துச் சுவரில் அன்று. சலூனில் கிடந்த வார இதழில்தான்.

தெற்கு முனை

சோழமண்டலத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1968 பிப்ரவரியில், இதே கடற்கரையில் ஆரோவில் தொடங்கப்பட்டது. இரண்டும் கூட்டு வாழ்வை நாடியவை என்றாலும் நோக்கம் வேறு. ஆரோவில் ஆன்மிகக் கனவு. சோழமண்டலம் ஓவியர் பிழைப்புக்கான வழி. ஆரோவில்லின் பாரத் நிவாசிலும் புதுச்சேரியின் கூடங்களிலும் நடக்கும் கண்காட்சிகளுக்கு வெளிநாட்டார் வரத்து மிகுதி. புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடம் உள்ளூர் மாணவர்களுக்கு ஓவியமும் சிற்பமும் கற்பிக்கிறது. அனுமந்தைப் பகுதியில் வரைய விரும்பும் மாணவருக்கு சென்னையை விட இதுவே கிட்டத்தில் உள்ள கல்லூரி.

இன்று

சாலை விரிந்தபின் இஞ்சம்பாக்கம் சென்னையின் விலை மிகுந்த புறநகராகிவிட்டது. மணல்மேடாகக் கிடந்த இடத்தில் இன்று ஓர் இளம் ஓவியர் ஒரு சென்ட் நிலம் வாங்குவதும் அரிது. எனவே பணிக்கர் செய்ததை அதே முறையில் மீண்டும் செய்ய முடியாது. நிறுவியவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். நந்தகோபால் 2017இல் காலமானார்.

2009இல் இங்கே தற்காலக் கலை மையம் திறக்கப்பட்டது. சென்னை இயக்க ஓவியர்கள், சிற்பிகளின் படைப்புகள் அதன் அருங்காட்சியகத்தில் நிலையாக உள்ளன. இண்டிகோ, லேபர்னம் என்ற இரு கூடங்களை வெளி ஓவியர்கள் வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி வைக்கலாம். திறந்தவெளியில் கற்சிற்பங்களும் உலோகச் சிற்பங்களும் மரநிழலில் நிற்கின்றன. வளாகத்தின் உட்புறத்தில் உள்ள வீடுகள் குடும்பங்கள் வாழும் வீடுகள். பார்வைக்குரியவை கூடங்களும் தோட்டமுமே. திறப்பு விழா நாளன்று போனால் கூட்டமிருக்கும். ஓவியரைப் பார்க்கலாம், படத்தை நின்று பார்க்க முடியாது. மறுநாள் காலையில் போகிறவருக்குக் கூடம் முழுவதும் தனியாகக் கிடைக்கும்.