விழிவெண்படலத்தில் கிடைத்த வெற்றி

அரை மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள தெளிந்த படலம் ஒன்று நம் கண்ணின் முன்புறத்தை மூடியுள்ளது. விழிவெண்படலம் எனப்படும் இதனூடாகவே ஒளி கண்ணினுட் புகுகின்றது. இதில் வடு விழுந்தால், கண்ணின் பிற பகுதிகள் நலமாயிருப்பினும் பார்வை மங்கும். வைரசு நோய்க்கு மருந்து காண்பது அரிது என மருத்துவ உலகம் எண்ணியிருந்த காலத்தில், அவ்வெண்ணத்தைத் தகர்த்த களங்களுள் இச்சிறு படலம் தலையாயது.

உதட்டோரத்திற் கொப்புளமாகத் தோன்றும் ஹேர்ப்பீசு வைரசே விழிவெண்படலத்தையும் தாக்குகின்றது. ஜேர்மனியின் மார்பேர்க் நகர்க் கண் மருத்துவர் வில்ஹெல்ம் குரூட்டர், நோயாளியின் விழிப்புண்ணிலிருந்து எடுத்ததை முயலின் விழியில் இட்டு, அங்கும் அந்நோயே தோன்றுவதைக் கண்டார். 1912 இல் அவர் தொடங்கிய இவ்வாய்வு, நோய் தொற்றக்கூடியது என்பதை நிறுவிற்று.

கண் சிவத்தலும் நீர் வடிதலும் ஒளிக்குக் கூசுதலும் வேறு பல கண்ணோய்களிலும் உண்டு. ஆதலால் நோயை இனங்காண்பதே முதற் பணி. புளோரசீன் என்னும் சாயத்தை இட்டு நீல ஒளியில் நோக்கினால், மரக்கிளைபோற் பிரிந்த புண் பச்சையாய் ஒளிரும். சுவீடன் நாட்டு அறிஞர் குல்ஸ்திராண்ட் 1911 இல் வெளியிட்ட பிளவு விளக்கு இதனை நுணுகிக் காண உதவுகின்றது. பஞ்சு நுனியால் தொடும்போது விழியின் உணர்ச்சி குன்றியிருத்தலும் ஓர் அடையாளமாகும்.

இனங்காணாது மருந்திடுவதன் தீங்கை 1950 களில் உலகம் கண்டது. அப்போது புதிதாய் வந்த கோட்டிசோன் வகைத் துளிகள் சிவப்பைத் தணித்தன, நோயாளியும் மகிழ்ந்தார். ஆனால் உடலின் எதிர்ப்பு அடங்கவே, புண் பரந்து ஆழ்ந்தது.

அமெரிக்காவில் வில்லியம் புரூசோவ் 1959 இல் ஐடொக்சியூரிடின் என்னும் பொருளை ஆக்கினார். வைரசு தன்னைப் பெருக்கும்போது, தனக்குரிய மூலப்பொருளென மயங்கி இதனை ஏற்றுக் கெடும். உடலினுட் செலுத்துதற்கு இது நஞ்சு மிக்கது. விழியிலோ துளியாக இடலாம். 1962 இல் ஹேர்பேர்ட் கோஃப்மன் இதனாற் புண் ஆறுவதைக் காட்டினார். மறு ஆண்டில் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. பின்னர், 1970 களில், கேட்ரூட் எலியன் குழுவினர் கண்ட அசைக்குளோவிர், வைரசு புகுந்த கலங்களிலேயே பெரிதும் செயற்படுவதாய் அமைந்தது. எலியன் அம்மையார் 1988 இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

எனினும் வெற்றி முழுமையானதன்று. புண் ஆறிய பின்னும் வைரசு நரம்புக் கணுவில் உறங்கியிருந்து மீண்டும் எழும். வடு பார்வையை மறைத்தால், பிறர் ஈந்த விழிவெண்படலத்தைப் பொருத்துவதே வழி. அவ்வீகையில் நம் நாட்டிற்கும் பெருமையுண்டு. ஹட்சன் சில்வா 1961 இல் நிறுவிய கண் தானச் சங்கம், 1964 முதல் பிற நாடுகளுக்கும் விழிகளை அனுப்பி வந்துள்ளது.

வீட்டில் எஞ்சிய துளிமருந்தைச் சிவந்த கண்ணில் இடுவோர் இன்றும் உளர். கண் சிவந்தால் முதலில் வேண்டுவது மருந்தன்று, அதன் காரணத்தை அறிதலே என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.