நைனிதாலின் நாலாக்கள்

மலைச்சரிவில் வீடு கட்ட முனைபவர் முதலில் அங்கே ஒரு சமதளத்தை உண்டாக்குகிறார். மேற்புறத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்புறம் கொட்டி நிரப்புகிறார். வெட்டப்பட்ட மேற்புறம் தன் அடித்தாங்கலை இழக்கிறது. கொட்டப்பட்ட கீழ்ப்புறமோ இறுகாமல் கிடந்து மழைநீரை உறிஞ்சுகிறது. ஆகவே மலையில் மண் வெட்டுவதற்கான அனுமதியையும் வடிகாலுக்கான விதியையும் தனித்தனியாக வைத்துப் பேச இயலாது. நைனிதால் இதை அறிந்துகொள்ளக் கொடுத்த விலை 151 உயிர்கள்.

1841இல் சர்க்கரை வணிகர் பாரன் இந்த ஏரியைக் கண்டு எழுதிய பின் ஐரோப்பியர் இங்கே குடியேறத் தொடங்கினர். 1845இலேயே நகராட்சி அமைந்துவிட்டது. ஏரிக்கு மேலுள்ள சரிவுகளில் பங்களாக்களும் விடுதிகளும் எழுந்தன. 1867இல் ஒரு மண்சரிவு நிகழ்ந்தும் கட்டுமானம் தளரவில்லை.

1880 செப்டம்பர் 16, வியாழக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமைவரை விடவில்லை. சனி காலையில் விக்டோரியா ஹோட்டலின் பின்புறச் சரிவு இடிந்து சிலரை மூடியது. அவர்களைத் தோண்டி எடுக்கப் படைவீரர்களும் அதிகாரிகளும் தொழிலாளரும் கூடினர். பிற்பகலில் மலையின் பெரும்பகுதி மொத்தமாகப் பெயர்ந்தது. மீட்கச் சென்றவர்களும் ஹோட்டலும், அதன் கீழிருந்த கடையும், ஏரிக்கரையின் பொது மண்டபமும், நைனாதேவி கோயிலும் சில நொடிகளில் மறைந்தன. இறந்தோரில் 43 பேர் ஐரோப்பியர், 108 பேர் இந்தியர். இன்று பயணிகள் உலவும் ‘ஃப்ளாட்ஸ்’ மைதானத்தின் ஒரு பகுதி அன்று சரிந்த மண்ணால் விரிந்ததே. அதன்மேல் பந்து விளையாடுவோரில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

இந்த மலையின் களிப்பாறை அடுக்கடுக்காக உடைந்த இயல்புடையது. விரிசல்கள்வழி நீர் இறங்கினால் அடுக்கின்மேல் அடுக்கு வழுக்கும். எனவே பேரழிவுக்குப் பின் மேற்கொள்ளப்பட்ட பெரும்பணி, நீர் மண்ணுக்குள் இறங்குமுன் அதைப் பிடித்து வெளியேற்றுவதாக அமைந்தது. சரிவுகள் முழுவதும் கல்லால் கட்டிய வடிகால்கள் பின்னப்பட்டன. ஊர்மக்கள் இவற்றை நாலா என்பர். பெரிய நாலாக்களின் அடித்தளம் பல இடங்களில் படிகளாக இறங்குகிறது. விழும் நீரின் வேகம் ஒவ்வொரு படியிலும் தணியும். மலைநகரப் பொறியியலில் இதைவிட அடக்கமான, இதைவிடப் பயனுள்ள வேலையை நான் கண்டதில்லை.

ஆனால் வடிகால் எல்லாவற்றையும் காக்கவில்லை. ஷேர்-கா-டாண்டா சரிவில் கட்டிய ஆளுநர் மாளிகையிலேயே விரிசல் கண்டு, 1895இல் அதைக் கைவிட நேர்ந்தது. சரிவுகளிலிருந்து ஏரியில் சேரும் நீர் பலியா ஓடைவழி வெளியேறுகிறது. அந்த ஓடையின் கரை 1898இல் சரிந்து 28 பேர் மாண்டனர். அதன் கரைகள் இன்றும் அரிபட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு மனையின் எல்லைக்குள் நீரை ஒழுங்குபடுத்தும் விதி, எல்லைக்கு அப்பால் அது எங்கே போகிறது என்று கேட்பதில்லை. இன்றைய அனுமதிப் படிவங்களைப் படிக்கும்போதும் எனக்கு இதே குறை தோன்றுகிறது.

மலைச்சரிவுப் பாதுகாப்புக்கென 1927இல் தனிக்குழு அமைக்கப்பட்டது. குழு இருந்தும் பிற்காலத்தில் கட்டடங்கள் நாலாக்களை நெருங்கின. கட்டட இடிபாடான ‘மல்பா’ அவற்றுக்குள் விழுந்தது. வரலாற்றாசிரியர் அஜய் சிங் ராவத் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1995இல் வழங்கிய தீர்ப்பில், நகரப் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் வணிக வளாகங்களையும் தடைசெய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். ஏரி தூர்ந்துபோகாதிருக்க, நாலாக்களின்மேல் கட்டுமானப் பொருள்களைக் குவிக்க விடக்கூடாது என்றும் அதே தீர்ப்பு கூறியது. செங்கல்லையும் மணலையும் வடிகாலின்மேல் கொட்டாதீர் என்று சொல்ல, மலை சரிந்து 115 ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது. 2018 ஆகஸ்டில் கீழ் மால் சாலையின் ஒரு பகுதி ஏரிக்குள் சரிந்தது.