தலைக்கு மேலே ஒரு கெஜம்

கல்யாணத்துக்குக் கிளம்பும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பீரோவிலிருந்து ஒரே ஒரு பட்டுப்புடவை வெளியே வரும். அரக்குச் சிவப்பில், கையகல ஜரிகையோடு! அவ்வளவுதான்... அதற்கப்புறம் அந்த வீட்டில் நடப்பதெல்லாம் அந்தப் புடவை இடும் கட்டளைப்படிதான். ரவிக்கை, கம்மல், வளையல், கைப்பை, செருப்பு... ஏன், பக்கத்தில் நிற்கப்போகும் கணவரின் சட்டை நிறம் வரைக்கும்! ஒன்று மட்டும் எடுப்பாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு அடங்கிப் போக வேண்டும். துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகூட இதைத்தான் நமக்குச் சொல்லித் தருகிறது.

இது ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. கொஞ்சம் ரத்தக் கறை படிந்த கதை. அதில் நம்ம ஊர்த் தறிக்கும் பங்கு உண்டு!

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வாருங்கள். காலாப்பட்டைத் தாண்டினால் கீழ்புத்துப்பட்டு. மரங்கள் அடர்ந்த தோப்புக்குள் இருக்கும் அய்யனார் கோயிலும், இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்த தமிழர்களின் முகாமும்தான் இந்த ஊரின் அடையாளங்கள். இன்னும் வடக்கே போனால் மரக்காணம். சாலையோரம் கண்ணாடியைப் பாத்தி பாத்தியாக வெட்டிப் போட்ட மாதிரி உப்பளங்கள். வெயில் மேலேயிருந்து ஒரு தடவை, கீழே உப்பில் பட்டுத் தெறித்து இன்னொரு தடவை என்று இரண்டு பக்கமும் அடிக்கும். அங்கே வேலை செய்யும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? சேலைக்கு மேலே ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை. தலையில், நெற்றியை மறைத்துக் கட்டிய கட்டம் போட்ட துண்டு. அந்தத் துண்டு இல்லாமல் பாத்திக்குள் கால் வைக்க முடியாது. மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இதே சோழமண்டலக் கரையில் நெய்த, இதே மாதிரி கட்டம் போட்ட துணி, பூமியின் அந்தப் பக்கம் போய் ராணிகளின் கிரீடத்துக்குச் சமமான ஒரு மரியாதையைச் சம்பாதித்தது. அங்கே அதன் பெயர் என்ன தெரியுமா? 'மதராஸ்'! நாம் 1996-ல் அந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு 'சென்னை' ஆகிவிட்டோம். கரீபியன் கடலில் இருக்கும் மார்ட்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா தீவுகளில் பாட்டி முதல் பேத்தி வரை இன்றும் 'மதராஸ்' என்றுதான் சொல்கிறார்கள். விழா நாளில் தலையில் கட்டிக்கொள்கிறார்கள்.

துணி எப்படி அங்கே போனது? 'இங்கேயிருந்து கூலி வேலைக்குப் போன தமிழர்கள் எடுத்துட்டுப் போயிருப்பாங்க' என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், கணக்கு இடிக்கிறது! புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து தமிழர்களை ஏற்றிக்கொண்டு 'அரேலி' என்ற கப்பல் மார்ட்டினிக் கரையை முதன்முதலில் தொட்டது 1853 மே மாதத்தில். அதே கப்பல் குவாதலூப் போய்ச் சேர்ந்தது 1854 டிசம்பரில். அதற்கு வெகுகாலம் முன்பே, 18-ம் நூற்றாண்டிலேயே, இந்தத் துணி அந்தத் தீவுப் பெண்களின் தலையில் ஏறிவிட்டது. துணி முதலில் போனது. மனிதர்கள் பின்னால் போனார்கள்.

முதலில் போன வழிதான் கசப்பானது.

பழவேற்காடு, பொன்னேரி, சைதாப்பேட்டை, ஆந்திரத்துச் சீராலா... இந்தக் கரை நெடுகத் தறிச் சத்தம் கேட்ட காலம் அது. அவுரியிலிருந்து நீலம். கடற்கரை மணலில் வளரும் சாயவேரிலிருந்து சிவப்பு. நூலுக்கே சாயம் ஏற்றி, கட்டம் கட்டமாக நெய்த துணியை ஒரு கெஜத்துக்கு ஒரு கெஜம் சதுரமாகக் கத்தரித்தால், அதுதான் 'மதராஸ் கைக்குட்டை'. (கைக்குட்டை என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மூக்கைத் துடைக்க ஒரு கெஜம் எதற்கு?) அப்புறம் புதுச்சேரியின் ஆழ்ந்த நீலத்துணி. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'கினே' என்றார்கள். பெயரே ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து வந்ததுதான். செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்க அந்த நீலத்துணியையே காசுபோலக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

பிசின் மட்டுமா வாங்கினார்கள்? இங்கேதான் பேனா தயங்குகிறது... 18-ம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை விலைக்கு வாங்க ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுபோன சரக்குகளில் முக்கியமான ஒன்று, இந்தியத் துணி. கட்டம் போட்டது, கோடு போட்டது, நீலச் சாயம் தோய்த்தது என்று விதவிதமாக. ஆப்பிரிக்க வியாபாரிகள் சாமானியப்பட்டவர்கள் அல்ல. கையில் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, இந்தியச் சரக்குதானா என்று தீர்மானிப்பார்கள். ஐரோப்பாவில் செய்த போலிகளைத் தள்ளிவிடுவார்கள். கடைசியில் துணி கரையிறங்கும். சங்கிலி மாட்டிய மனிதர்கள் கப்பலேறுவார்கள். சைதாப்பேட்டையில் குழித்தறியில் உட்கார்ந்து நாடா தள்ளியவருக்கு, தான் நெய்த துணிக்கு மாற்றாக யாரோ ஒரு தாயின் பிள்ளை விற்கப்படுகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இனி, அந்தப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு வருவோம். கரும்புத் தோட்டங்கள். அடிமை என்ன உடுத்தலாம், விடுதலை பெற்றவர்கள் என்ன உடுத்தக் கூடாது என்பதற்கெல்லாம் சட்டம் போட்ட தீவுகள். தீவுகளில் மட்டுமல்ல, அமெரிக்கக் கரையிலும் அதே கதைதான். அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், 1786-ல் கவர்னர் எஸ்டெபான் மிரோ ஒரு உத்தரவு போட்டார். நியூ ஆர்லியன்ஸில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின, கலப்பினப் பெண்கள் கூந்தலில் இறகும் நகையும் வைத்து அழகாக உலா வந்தது வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கண்ணை உறுத்தியது போலிருக்கிறது. 'இனி இந்தப் பெண்கள் கூந்தலில் நகையும் இறகும் வைக்கக் கூடாது. தலையைத் துணியால் மூடிக் கட்டிக்கொள்ள வேண்டும்' என்றது உத்தரவு. வேலைக்காரி மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்!

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அழுதார்களா... மனுக் கொடுத்தார்களா? 'தலையில துணி கட்டணும், அவ்வளவுதானே? கட்டிட்டாப் போச்சு!' என்கிற மாதிரி, கிடைத்ததிலேயே பளிச்சென்ற துணியைத் தேடி எடுத்தார்கள். அதில் நம்ம மதராஸும் உண்டு. அதை அடுக்கடுக்காகச் சுற்றி, மடித்து, முனைகளை வானத்தைப் பார்க்க விட்டு, தலைக்கு மேலே கோபுரம் எழுப்பினார்கள். சட்டத்தில் ஒரு வரி மீறவில்லை. ஆனால், தெருவில் போனால் முன்னைவிட அதிகம் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கவர்னர் பாவம், துணியின் நிறத்தையும் முடிச்சையும் பற்றி உத்தரவில் எழுத மறந்துவிட்டார்!

மார்ட்டினிக்கில் இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. முதலில் தேர்ந்தெடுப்பது தலைத்துணியைத்தான். அதில் ஓடும் கோடுகளில் ஒரு நிறத்தைப் பிடித்து, அதற்கேற்ற பாவாடை. லேஸ் வைத்த வெள்ளை ரவிக்கை. தோளில் முக்கோணமாக மடித்துப் போட ஒரு பட்டுத் துண்டு. கழுத்தில் பொன்மணி மாலை. தலைக்கட்டில் குத்திக்கொள்ள, நடக்கும்போதெல்லாம் துடிக்கிற ஒரு தங்க ஊசி. அதற்குப் பெயரே 'நடுங்கும் ஊசி'! இன்னொரு சங்கிலிக்கு என்ன பெயர் தெரியுமா? 'கைதிச் சங்கிலி'. காலில் மாட்டிய இரும்பின் வடிவத்தைக் கழுத்தில் தங்கமாகப் போட்டுக்கொண்டவர்களின் மனசை என்னவென்று சொல்வது!

முடிச்சுக்கும் பாஷை உண்டு. மேலே துருத்தி நிற்கும் முனை ஒன்று என்றால், 'மனசு காலியாக இருக்கிறது'. இரண்டு என்றால், 'ஆள் இருக்கிறார், ஆனாலும் முயற்சி செய்து பார்க்கலாம்'. மூன்று என்றால், 'எனக்குக் கல்யாணமாகிவிட்டது, வேலையைப் பார்த்துக்கொண்டு போ'. நான்கு? 'யார் வந்தாலும் இடம் உண்டு'! (ஊருக்கு ஊர் அர்த்தம் கொஞ்சம் மாறும். தப்பாகப் படித்தால் அடி விழும்.)

1887 முதல் இரண்டு வருடம் மார்ட்டினிக்கில் தங்கியிருந்த எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன், இன்னொரு விநோதத்தையும் எழுதி வைத்திருக்கிறார். கடையில் வாங்கிய துணியை அப்படியே கட்டுவதில்லையாம். இதற்கென்றே தொழில்காரப் பெண்கள் இருந்தார்கள். மஞ்சள் சாயத்தைப் பிசினில் குழைத்து, துணியின் வெளிர்க் கட்டங்களின் மேல் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தீட்டுவார்கள். தலையில் தகதகவென்று மஞ்சள் எரிய வேண்டும். அப்படித் தீட்டிய துணியைத் துவைக்க முடியாது என்பதால், தொப்பி மாதிரி பதமாக மடித்து நிறுத்தி வைத்துக்கொள்வார்கள். ஹெர்ன் இதையெல்லாம் பார்த்து ரசித்த செயின்ட் பியர் நகரம், 1902 மே 8 அன்று பெலே எரிமலை வெடித்ததில் சில நிமிடங்களில் அழிந்துபோனது. சுமார் 28,000 பேர் மாண்டார்கள். ஆனால், தலைக்கட்டு அழியவில்லை.

ஆக, எந்தத் துணியைக் கொடுத்து முன்னோரை வாங்கினார்களோ, அந்தத் துணியையே பேத்திகள் தலையில் ஏற்றி, மற்ற உடுப்பையெல்லாம் அதற்குக் கீழ்ப்படிய வைத்தார்கள்.

'இதெல்லாம் அங்கே... நம்ம ஊரிலே?' என்று கேட்கிறீர்களா? நம்ம ஊரில் தலையில் கட்டிய துண்டு, பண்ணையாரைக் கண்டதும் இடுப்புக்கு இறங்கும். இறக்காவிட்டால் தோல் உரியும். சுயமரியாதை இயக்கம் வேகம் பிடித்த காலத்தில், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து நாதஸ்வரம். வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். 'துண்டை எடு' என்று அதட்டினார்கள் ஊர்ப் பெரியவர்கள். 'எடுக்காதே!' என்று குறுக்கே வந்து நின்றார் பட்டுக்கோட்டை அழகிரி. துண்டு தோளிலேயே இருந்தது, நாயனமும் ஒலித்தது. அப்புறம் தமிழக மேடைகளில் துண்டு எடுத்த விசுவரூபத்தை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

நம்ம துணி சென்ற மற்ற ஊர்களையும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பழவேற்காட்டின் பெயர்தான் மலேசியாவில் 'பெலிக்காட்' கைலி. மெக்சிகோவில் தலையிலும் கழுத்திலும் கட்டும் துணிக்குப் 'பாலியாகாத்தே' என்று பெயர். அதுவும் பழவேற்காட்டின் பழைய போர்த்துக்கீசியப் பெயரிலிருந்து போனதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்நாட்டு விடுதலைக்குப் போராடி 1815-ல் சுட்டுக் கொல்லப்பட்ட பாதிரியார் மொரேலோஸைத் தலைத்துணி இல்லாமல் எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. நைஜீரியாவின் கலபாரி மக்களோ இன்னும் ஒரு படி மேலே! நம்ம கட்டத் துணியை வாங்கி, அதிலிருந்து நூல்களை ஒவ்வொன்றாக வெட்டி உருவி, தங்களுக்கே உரிய புது டிசைன் ஆக்கிவிட்டார்கள். 'இது எங்க துணி' என்று அவர்கள் சொன்னால் மறுக்க முடியுமா?

அமெரிக்கா மட்டும் இதை வேடிக்கையாக வாங்கிக்கொண்டது. 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற வியாபாரி, கேப்டன் கிருஷ்ணன் நாயரிடமிருந்து (பின்னாளில் லீலா ஹோட்டல்களை ஆரம்பித்தவர்) மதராஸ் துணியை வாங்கிப்போய் நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குக் கொடுத்தார். 'குளிர்ந்த தண்ணியில தனியா அலசுங்க, சாயம் போகும்' என்று நாயர் எச்சரித்ததை, வாங்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோட்டு ஒரே சலவையில் நிறம் மாறியது. புகார்கள் குவிந்தன, வழக்கறிஞர்கள் வந்தார்கள். முடிவில் என்ன ஆனது? 'ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் காட்டும் இந்திய அதிசயம்' என்று அதையே பெருமையாக்கி விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்துவிட்டார்கள்! கல்லூரிப் பையன்கள் சாயம் போன மதராஸ் கோட்டை மாட்டி, அது பளிச்சென்று தெரிவதற்காகவே சாதா கால்சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

அரேலியிலும் அடுத்தடுத்த கப்பல்களிலும் போன தமிழர்களை விட்டுவிட்டோமே... 1880-கள் வரை மார்ட்டினிக்குக்கு 25,000 பேர், குவாதலூப்புக்கு 40,000-க்கும் மேல். பாஷை மெல்ல மெல்ல மறந்துபோனது. மாரியம்மன் 'மாலியேமின்' ஆனாள். மதுரைவீரன் 'மால்தெவிலன்' ஆனான். அங்கே போய் இறங்கிய நம்ம ஊர்ப் பெண், சந்தையில் கறுப்பினப் பெண்ணின் தலையைப் பார்த்திருப்பாள். தன் ஊர்ச் சாயம், தன் ஊர்க் கட்டம். அந்தத் துணியின் பெயரைக் கேட்டிருந்தால், கடல் தாண்டிய அந்நிய ஊரில் அவளுக்குப் புரிந்த முதல் சொல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறியதும் வேலை நிற்கும். பெண்கள் வரப்பில் ஏறி, தலைத் துண்டை அவிழ்த்து, முகத்தில் படிந்த உப்பைத் துடைத்து, அதையே விரித்து அதன் மேல் தூக்குச் சட்டியை வைப்பார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, அந்தத் துண்டின் கட்டங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.