கார் உள்ளலங்காரப் பசைகள்

காரின் கூரைத் துணி, டோர் பேட், டேஷ்போர்டின் ஓரப்பட்டை, ரப்பர் பீடிங் ஆகியவை பெயர்ந்துவிட்டால் மறுபடி ஒட்ட உதவுபவை உள்ளலங்காரப் பசைகள். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 பாகை செல்சியஸ் வரை சூடேறக்கூடும் என்பதால், காகிதத்துக்கும் மரத்துக்கும் ஏற்ற வெள்ளைப் பசை இங்கே உதவாது.

இப்பசைகளில் முதன்மையானது பட்டறைகளில் ‘சொல்யூஷன்’ எனப்படும் ரப்பர் பசை. அதன் மூலப்பொருளான பாலிகுளோரோபிரீனை 1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில், வாலஸ் கரோதர்ஸ் குழுவைச் சேர்ந்த ஆர்னால்ட் காலின்ஸ் கண்டறிந்தார். வண்ணம் பூசுகையில் ஒட்டும் மறைப்பு நாடாவோ கார் பட்டறையிலேயே கருக்கொண்டது. செயின்ட் பால் நகரில் உப்புத்தாள் மாதிரியோடு ஒரு பட்டறைக்குப் போன 3எம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, இரட்டை வண்ணம் பூசுவோர் மறைப்புக் காகிதத்தைப் பிரிக்கையில் வண்ணமும் உரிந்து வருவதைக் கண்டு நொந்துகொள்வதைப் பார்த்தார். அவர் உழைப்பில் 1925-இல் அந்த நாடா உருவானது. நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் 1942-இல் துப்பாக்கிக் குறிகாட்டிக்கான தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடியபோது கிடைத்தது. தொட்டதையெல்லாம் ஒட்டியதால் வேதியியலாளர் ஹாரி கூவரின் குழு அதை ஒதுக்கியது. 1951-இல் ஒளிவிலகல்மானியின் இரு பட்டகங்கள் அதனால் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்ட பிறகே அதன் அருமை புரிந்தது. 1958-இல் விற்பனைக்கு வந்தது.

பசையின் வலிமையை விட ஒட்டப்படும் பரப்பே தேர்வை முடிவு செய்கிறது. பல பாகங்களின் பின்புறத்தில் பிளாஸ்டிக் வகையைக் குறிக்கும் ‘ஏபிஎஸ்’, ‘பிபி’ போன்ற எழுத்துகள் அச்சாகியிருக்கும்; பசை வாங்குமுன் அவற்றைப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் எபாக்சிப் பசையை நன்றாக ஏற்கும். ‘பிபி’ எனப்படும் பாலிபுரோப்பிலீன் மெழுகுத்தன்மை உடையது; அதற்குரிய பிரைமரைத் தடவாவிட்டால் பெரும்பாலான பசைகள் பாலாடைபோல் உரிந்து வந்துவிடும். சயனோஅக்ரிலேட் காரின் உட்புறத்துக்கு ஏற்றதன்று. அதன் ஆவி கருநிறப் பிளாஸ்டிக்கில் வெண்படலமாகப் படியும். அதிர்விலும் அது எளிதில் விட்டுப்போகும்.

தொங்கும் கூரைத் துணிக்குப் பசை மட்டும் தீர்வாகாது. துணியின் பின்னுள்ள ஃபோம் வெப்பத்திலும் ஈரத்திலும் மக்கி, விரலால் தேய்த்தால் மஞ்சள் பொடியாக உதிரும். அந்தப் பொடியின் மேல் தடவும் பசை பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும். துணி ஒட்டிய கூரைப் பலகையைக் கழற்றி, பொடியைச் சுரண்டி, ஃபோம் ஒட்டிய புதுத் துணி போடுவதே முறை. வெப்பம் தாங்கும் ரப்பர் பசையை இரு பக்கமும் பரப்பி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்த வேண்டும். முதல் முறையே சரியாகப் பொருத்துவது நல்லது. பிறகு நகர்த்த இயலாது. கரைப்பானின் ஆவி தலைசுற்ற வைக்கும், தீயும் பற்றும். கதவுகளைத் திறந்துவைத்தே வேலை செய்ய வேண்டும்.

கிளிப் உடைந்த டோர் பேடை ஒட்டிவிட்டால், பின்னாளில் கண்ணாடி ஏற்றும் பொறியைப் பழுதுபார்க்கக் கழற்றும்போது பேடே உடையும்; புதுக் கிளிப் போடுவதே சரி. கரைப்பான் கலந்த பசைக்கு மாற்றாக, தற்போது தொழிற்சாலைகளில் நீர்சார்ந்த பசைகளும் சூட்டில் உருகும் பசைகளும் பயன்படுகின்றன.