பழுதுபார்த்தலின் வரலாறு: லினக்ஸ் கேர்னலும் மறக்கப்பட்ட ஒரு திருத்தமும்

நமது நாட்டு வரலாற்று நூல்களிற் குளங்களைக் கட்டுவித்த மன்னர்களின் பெயர்கள் நிறைய உள. அக்குளக்கட்டுகளில் ஆண்டுதோறும் மண் சுமந்து உடைப்பு அடைத்தோரின் பெயர்கள் இல்லை. 1832ஆம் ஆண்டிலே, கோல்புறூக்கின் பரிந்துரைகளைத் தொடர்ந்து இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டபோதுதான் அப்பெயரற்றோர் உழைப்பின் அருமை வெளிப்படலாயிற்று. கட்டாய ஊழியத்திலிருந்து மக்கள் விடுபட்டமை வரவேற்கத்தக்கதே. எனினும், கண்டி இராச்சியத்தின் பழைய மாகாணங்களிற் கிராமக் குளங்களையும் வாய்க்கால்களையும் பேணுவது இனி எவர் பொறுப்பு என்ற வினாவுக்கு விடை இருக்கவில்லை, பல தூர்ந்துபோயின. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய கிராம வழமைகளுக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றது.

எல்லோர்க்கும் பொதுவான பொருளை யார் பழுதுபார்ப்பது என்னும் அதே பிரச்சினை, நீரோடும் மண்ணோடும் தொடர்பில்லாத பிறிதொரு துறையிலும் நம் காலத்தில் எழுந்துள்ளது. லினக்ஸ் எனப்படும் திறந்த மூல இயங்குதளத்தின் கேர்னலில் வழுக்கள் களையப்பட்ட வரலாற்றையே இக்கட்டுரை நோக்க முற்படுகின்றது. மகாவலியின் அக்கரையிலுள்ள பொறியியற் பீடத்தார் எழுதவேண்டிய பொருளை இக்கரையிலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இது வரலாற்று மாணவனுக்கு நன்கு பழக்கமான ஒன்றைப் பற்றியது: ஓர் ஆவணம் மறக்கப்பட்டால் என்ன நேரும் என்பது.

கேர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. கணினியின் செயலியையும் நினைவகத்தையும் வட்டினையும் நேரே ஆள்வது அதுவே. நாம் காணும் ஏனைய மென்பொருள்கள் யாவும் தமக்கு வேண்டியவற்றை அதனிடம் கேட்டே பெறுகின்றன. ஆதலின், வேறொரு மென்பொருளில் வழு நேர்ந்தாற் பெரும்பாலும் அம்மென்பொருளே கெடும். கேர்னலில் வழு நேர்ந்தாலோ கணினி முழுவதும் அன்னியர் கைப்பட இடமுண்டு.

1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திலே பயின்றுகொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோவல்ட்ஸ் தாம் எழுதிவரும் இயங்குதளம் பற்றி உலகுக்கு அறிவித்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் வெளிவந்த முதல் வடிவம் ஏறத்தாழ 10,000 வரிகளைக் கொண்டது. 1994 மார்ச்சில் 1.0 என்னும் வடிவம் வெளிவந்தபோது வரிகள் 176,250 ஆயின. இன்றோ அவை மூன்று கோடியைக் கடந்துவிட்டன. 1992ஆம் ஆண்டிலே டோவல்ட்ஸ் அதனைக் குனு பொது உரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். அதன்படி மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறர்க்கு வழங்கும்போது மூல நிரலையும் வழங்குதல் வேண்டும். இந்த உரிமமே கேர்னலைப் பொதுக்குளமாக்கியது எனலாம்.

பலர் கண் படும் நிரலில் வழு நெடுநாள் மறைந்திருக்க முடியாது என்பது திறந்த மூல இயக்கத்தாரின் உறுதியான நம்பிக்கை. இந்நம்பிக்கை ஓரளவுக்கே உண்மை என்பது இவ்வாசிரியரின் கருத்து. பின்வரும் இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு நோக்கினால் இது புலனாகும்.

முதலாவது 2003 நவம்பரில் நிகழ்ந்தது. கேர்னலின் மூல நிரல் அக்காலத்தில் ஒரு களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்தது; அதன் பிரதியொன்று வேறொரு சேவையகத்திலும் பேணப்பட்டது. பிரதி இருந்த சேவையகத்தினுள் எவரோ புகுந்து இரண்டே வரிகளைச் சேர்த்துவிட்டனர். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு அது, பயனரின் அடையாள எண் பூச்சியமா எனச் சோதிக்கும் வரியாகவே தோன்றும். அந்நிரல்மொழியிற் சோதிப்பதற்கு இரண்டு சமக்குறிகள் வேண்டும். அங்கே ஒன்றே இருந்தது. ஒரு சமக்குறி சோதிப்பதில்லை, மாற்றிவிடுகிறது! குறித்த ஒரு முறையில் அவ்விடத்தை அழைக்கும் எவரும் பூச்சிய எண்ணைப் பெற்று, கணினியின் தலைமை அதிகாரியாகிவிடுவர். இது மூல நிரலிற் சேருமுன்னரே பிடிபட்டது. எவ்வாறு? நிரலை வாசித்தவர்களால் அன்று. மூலக் களஞ்சியத்தின் பதிவேட்டில் இம்மாற்றத்துக்கு உரிய பதிவு இல்லை என்பதை ஒப்புநோக்கும் சோதனை காட்டிக்கொடுத்தது. கல்வெட்டின் போலித்தன்மையை அதன் நடையினாலன்றிக் கிடைத்த இடத்தின் சான்றினால் அறிவது போன்றது இது.

2005ஆம் ஆண்டு மார்ச்சிற் பழுதுபார்த்தல் ஒரு முறைமைக்குள் வந்தது. கிரெக் குரோவா-ஹார்ட்மன், கிறிஸ் றைட் ஆகியோர், வெளியிடப்பட்டுவிட்ட வடிவங்களுக்குத் திருத்தங்களை மட்டும் சேர்க்கும் தனிக்கிளையைத் தொடங்கினர். அக்கிளைக்கு வரும் திருத்தம் 100 வரிகளுக்கு மேற்படலாகாது. உண்மையில் மக்களைத் தொல்லைப்படுத்தும் வழுவையே அது நீக்கவேண்டும். புதுமை எதுவும் புகுத்தலாகாது. அதே மாதங்களில் நம் நாட்டில், 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின், இலங்கைத் தொண்டர்கள் ‘சகானா’ என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள்களின் மீது அமைத்துக்கொண்டிருந்தனர். பிறர் பழுதுபார்த்துத் தந்த அடித்தளம் இல்லையேல் அத்துணை விரைவில் அது எழுந்திராது.

இரண்டாவது நிகழ்ச்சியே நம் கட்டுரைக்கு மையமானது. அதனை விளங்க ஓர் உவமை உதவும். நூலகத்திலே அரிய ஏட்டுச்சுவடி ஒன்று உளது. அதனை எவரும் படிக்கலாம், எழுதக்கூடாது. ஒருவர் குறிப்பெழுத விரும்பினால், நூலகர் சுவடியின் பிரதியொன்றை எடுத்துக் கொடுத்து, அதில் எழுதச் சொல்வார். கேர்னலும் நினைவகப் பக்கங்களை இவ்வாறே காக்கின்றது. இனி, நூலகர் பிரதியைக் கொடுத்து எழுத அனுமதித்த கணத்துக்கும் எழுத்தாணி அதிற் படும் கணத்துக்கும் இடையிலே, அவ்வாசகரின் கூட்டாளி அப்பிரதியை அகற்றிவிடுகிறார் எனக் கொள்வோம். எழுத அனுமதி உண்டு; பிரதி இல்லை. எழுத்தாணி மூலச்சுவடியிலேயே விழுகிறது. இம்மிப் பொழுது நிகழும் இத்தவற்றை ஆயிரக்கணக்கான முறை முயன்றால், ஒருமுறையேனும் வெற்றி கிட்டும். அந்த ஒருமுறையே போதும்: சாதாரணப் பயனர் ஒருவர் எழுதத்தகாத கோப்பிலே எழுதி, கணினியைக் கைப்பற்றிவிடலாம்.

எழுதுகையில் நகலெடுத்தல் என்பதன் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்கள் சேர்ந்தாற் பசுவைக் குறிக்கும் சொல் வரும். ஆகவே இவ்வழுவுக்கு ‘அழுக்குப் பசு’ எனப் பெயரிட்டனர். பெயரில் நகைச்சுவை இருப்பினும் வரலாறு அத்தகையதன்று. 2005 ஓகஸ்டிலேயே டோவல்ட்ஸ் இதனை உணர்ந்து திருத்தமொன்றைச் செய்திருந்தார். ஆனால் எஸ்390 எனப்படும் ஐ.பி.எம். பெருங்கணினிகளில் அத்திருத்தம் சிக்கலை விளைவித்தது. பக்கமொன்றிலே எழுதப்பட்டதா என்பதற்கான அடையாளத்தை அக்கணினிகள் ஏனையவற்றைப் போல் வைத்திருப்பதில்லை. ஆகவே சில நாட்களுக்குள் அத்திருத்தம் விலக்கப்பட்டது. அன்று அது ஏட்டளவிலான வழு. நடைமுறையில் நிகழ்த்துதல் அரிது என எண்ணப்பட்டது. காலப்போக்கில் எஸ்390இன் சிக்கல் தீர்ந்தது. விலக்கிய திருத்தத்தை மீளச் சேர்க்கவேண்டும் என்பது மட்டும் எவர் நினைவிலும் இருக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் 2.6.22 முதலான வடிவங்களில் அவ்வழு தாக்குதலுக்கு இடங்கொடுக்கும் நிலையிலே இருந்தது. கணினிகள் விரைவுற விரைவுற, அரிதாயிருந்தது எளிதாயிற்று.

2016ஆம் ஆண்டிலே பில் ஓஸ்டர் என்பவர், தம் சேவையகத்துக்கு வரும் வலைப் போக்குவரத்தைப் பதிவுசெய்து வைக்கும் வழக்கமுடையவராதலால், எவரோ இவ்வழுவைப் பயன்படுத்தித் தாக்கியமையைக் கண்டுபிடித்தார். தீயோர் நல்லோரை முந்திவிட்டனர் என்பதே இதன் பொருள். ஒக்டோபரில் டோவல்ட்ஸ் புதிய திருத்தத்தை எழுதி, பதினொரு ஆண்டுகளுக்கு முன் தாமே செய்த முயற்சி குறைபாடுடையது என்பதையும் அது விலக்கப்பட்ட வரலாற்றையும் அத்திருத்தத்தின் குறிப்பிலே மறையாது பதிந்தார். ஒக்டோபர் 20இல் 4.8.3, 4.7.9, 4.4.26 ஆகிய வடிவங்கள் திருத்தத்துடன் வெளிவந்தன. பலர் கண் படும் என்பார்க்கு இவ்வழு தரும் விடை கடுமையானது: கண் பட்டது, கை வைக்கவும் பட்டது, பின்னர் மறக்கப்பட்டது.

திருத்தம் எழுதப்படுவது வேறு, அது கணினியைச் சென்றடைவது வேறு. அன்ட்ரொயிட் கைபேசிகளும் லினக்ஸ் கேர்னலிலேயே இயங்குவன. அவற்றுக்கான திருத்தம் 2016 இறுதியில் வெளியிடப்பட்டது. எனினும் 2017 செப்டெம்பரிலே, இவ்வழுவைப் பயன்படுத்தும் ‘ஸ்நியூ’ என்னும் தீநிரல் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் கைபேசிகளிற் காணப்பட்டதாக டிரென்ட் மைக்ரோ நிறுவனம் அறிவித்தது. பாதிப்புற்றோரிற் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தனர். பழைய மலிவான கைபேசிக்கு அதனைச் செய்தவர் திருத்தம் அனுப்புவதில்லை, வாங்கியவர் கேட்பதுமில்லை. கண்டி நகரில் அலுவலகமொன்றிலே, பல ஆண்டுகளாக ஒருமுறையேனும் புதுப்பிக்கப்படாத லினக்ஸ் சேவையகம் ஒன்றை இவ்வாசிரியர் கண்டதுண்டு. வினவியபோது, “நல்லாத்தானே ஓடுது, ஏன் அதைத் தொடுவான்?” என்ற விடை கிடைத்தது. குளக்கட்டைப் பற்றியும் மழை வரும்வரை இவ்வாறே சொல்லலாம்.

2016ஆம் ஆண்டின் திருத்தத்தோடும் கதை முடியவில்லை. பெரும்பக்கங்கள் எனப்படும் நினைவகப் பகுதிகளில் அத்திருத்தத்தை ஒத்த முறை கையாளப்பட்டபோது அதிலே புதிய வழுவொன்று புகுந்தது. 2017இன் இறுதியில் அது வெளிப்பட்டு, அதற்கும் திருத்தம் எழுதவேண்டியதாயிற்று. 2024 பெப்ரவரியிலிருந்து கேர்னல் சமூகத்தாரே தம் பாதுகாப்பு வழுக்களுக்கு அடையாள எண் வழங்கி வருகின்றனர். பாதுகாப்போடு தொடர்புறக்கூடிய திருத்தம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்க அவர்கள் துணிந்தமையால் எண்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கிற் பெருகிவிட்டன. அப்பட்டியல் எவரும் படிக்கும்படி திறந்தே கிடக்கின்றது. ஓர் ஆய்வுகூடத்துச் சேவையகத்தின் பொறுப்பாளர் அதிலே தமக்குரியது எது எனத் தேர்ந்து முடிப்பதற்குள் அடுத்த வாரத்துப் பட்டியல் வந்துவிடுகின்றது.