கிராமக் குடிநீர்த் திட்டத்தை நடத்துவது யார்? - ஒரு விளக்கம்

புதுதில்லி: ஊரக வீடுகளுக்குக் குழாய் மூலம் குடிநீர் வழங்கும் ஜல் ஜீவன் இயக்கம், 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்டது. 2024-இல் நிறைவடைய வேண்டிய அத்திட்டத்தை 2028 வரை நீட்டிப்பதாக 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

அரசு நிதியில் குழாய்கள் பதிக்கப்பட்டாலும், ஊருக்குள் குடிநீர் விநியோகத்தை அன்றாடம் நடத்தும் பொறுப்பு ஊராட்சி அல்லது அதன் துணைக் குழுவான 'பானி சமிதி'யிடமே உள்ளது.

குழு அமைப்பு: 10 முதல் 15 பேர் இடம்பெறுவர். 25 சதவீதம் ஊராட்சி உறுப்பினர்கள். 50 சதவீதம் பெண்கள். எஞ்சியோர் நலிந்த பிரிவினர்.

மக்கள் பங்களிப்பு: ஊருக்குள் அமையும் கட்டமைப்புச் செலவில் 10 சதவீதத்தை ஊர் மக்கள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ அளிக்க வேண்டும். மலை, வனப் பகுதிகள், வடகிழக்கு மாநிலங்கள், பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வசிக்கும் ஊர்களுக்கு இது 5 சதவீதம்.

நீரின் அளவும் தரமும்: நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வழங்க வேண்டும். நீரைப் பரிசோதிக்க ஊருக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். கிருமிநீக்கத்துக்குக் குளோரின் கலக்கும் இடங்களில், கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருப்பது அவசியம்.

கட்டணம் ஏன்?: மின் கட்டணம், மோட்டார் இயக்குபவரின் ஊதியம், குளோரின், பழுதுநீக்கம் ஆகியவை தொடர் செலவுகள். இவற்றுக்காகவே வீடுதோறும் குடிநீர்க் கட்டணம் நிர்ணயிக்கப்படுகிறது. வசூல் நின்றால், மோட்டார் பழுதாகும் நாளில் அதைச் சீரமைக்கக் குழுவிடம் பணம் இருக்காது. குழாய் இருந்தும் பெண்கள் மீண்டும் குடம் சுமக்க நேரிடும்.